பத்து மாத அட்வான்ஸ்

மாதம் 6,000 ரூபாய் வாடகை கொடுக்க முடிந்த குடும்பத்துக்கு 6,000 ரூபாயில் ஒரு வீடு கிடைத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். வட சென்னையில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வீட்டு புரோக்கர் வேலை பார்க்கிறேன். அயனாவரம், ஓட்டேரி, பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொஞ்சம் தள்ளிப் போனால் கொளத்தூர், கொடுங்கையூர். பெரிய வீடு, அபார்ட்மென்ட் எல்லாம் என் கைக்கு வராது. ஒற்றை அறை, ஷீட் வீடு, மாடிப்படிக்குக் கீழே தடுத்து எடுத்த போர்ஷன், இவைதான் என் சரக்கு. வாடகை கொடுக்க வழியில்லாமல் நின்றவர்களைவிட, வாடகைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்றவர்களைத்தான் இந்த வேலையில் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களை மறிப்பது அட்வான்ஸ். அதைத் தாண்டிப் போனால், "உங்களை இங்க யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி.

1991-ல் நான் புரோக்கர் இல்லை. அயனாவரத்தில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தேன். ஐ.சி.எஃப்.புக்கும் லோகோ ஒர்க்ஸுக்கும் போகிறவர்கள், பின்னி மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் எல்லாம் வருவார்கள். தட்டை நீட்டும்போதே, "அக்கா, இந்தப் பக்கம் ரூம் ஏதாவது காலியாகுதா?" என்பார்கள். ரேஷன் கடை வரிசையிலும் மாவு மில்லிலும் நிற்கும்போது யார் வீடு காலியாகிறது என்பது காதில் விழும். இரண்டையும் கோத்துவிட்டால் அதுதான் தொழில். காசு கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர்தான், "ஒரு மாச வாடகை உன் கூலிம்மா, வாயத் தொறந்து கேளு" என்று சொல்லிக்கொடுத்தார். அவரே பாதி புரோக்கர். ஒரு வீட்டில் துணி போடுவதை நிறுத்தினால் அவர்கள் வேறு வீடு பார்த்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அப்போது எங்கள் பக்கம் லைன் வீடுகள் நிறைய. நீளமாக ஒரு சந்து, இரண்டு பக்கமும் பத்துக்குப் பத்து அறைகள், சந்தின் கோடியில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், ஒரு கைப்பம்பு. அறைக்குள் ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருக்கும் மேடைதான் சமையலறை. வாடகை 200 ரூபாயைச் சுற்றி இருக்கும். அட்வான்ஸ் 1,000, மிஞ்சினால் 1,500. அதுவும் இல்லை என்றால் வீட்டுக்கார ஆயா என்னைத்தான் கேட்பார். "உனக்குத் தெரிஞ்சவங்களாடி?"

"ஒரு வருஷமா நம்ம கடையிலதான் சாப்பிடறாரு ஆயா. ஒரு நாள் பாக்கி வச்சதில்ல."

அவ்வளவுதான் அக்ரிமென்ட். அட்வான்ஸ் பாதியாகக் குறையும், சில சமயம் "அடுத்த மாசம் குடுக்கட்டும்" என்று தள்ளிப்போகும். ஆனால் அந்த ஆள் வாடகை தராமல் இழுத்தால் ஆயா அவரிடம் போக மாட்டார். காலை வியாபார நேரத்தில் என் கடை முன்னால் வந்து நின்றுகொள்வார். நான்தான் அந்த ஆள் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் பேச வேண்டும். அன்று என் தொழிலில் பாதி வீடு காட்டுவது, மீதி இப்படிப் பொறுப்பேற்பது. படித்தவர்கள் இதை ஜாமீன் என்பார்கள். நாங்கள் பேர் எதுவும் வைக்கவில்லை.

1996-ல் பின்னி மில் மூடியது. சம்பளம் நின்ற வீடுகளில் முதல் மூன்று நான்கு மாதம் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்கள். அட்வான்ஸே 1,500 ரூபாய் என்றால் எத்தனை மாதம் கழியும்? அதற்கு மேல் வீட்டுக்காரர்கள் முகம் பார்த்துப் பொறுத்தார்கள். அவர்களிலும் பலர் அந்த இரண்டு மூன்று அறை வாடகையில் சாப்பிடுகிற விதவைகள், ரிட்டயர் ஆனவர்கள். கடைசியில் குடும்பங்கள் புழல், செங்குன்றம் என்று வெளியே போயின. காலியான அறைகளுக்கு அடுத்த ஆளைக் கொண்டுபோனபோது வீட்டுக்காரர்கள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் வாய் வார்த்தையை நம்பினது போதும்மா, பத்து மாசம் குடுக்கிற ஆளாப் பாரு." மாம்பலம், மயிலாப்பூர் பக்கம் அதற்கு முன்பே பத்து மாதம் வந்திருந்தது. எங்கள் பக்கம் அது நிலைத்தது அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான்.

பத்து மாதம் என்றால் என்ன என்பதைக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். இன்றைக்கு எங்கள் பக்கம் ஓர் அறையும் தடுப்புச் சமையலறையும் 6,000 ரூபாய். அட்வான்ஸ் 60,000. பெயிண்டர் வேலைக்குப் போகிற கணவன், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிற மனைவி. இவர்களிடம் 60,000 ரூபாய் மொத்தமாக எங்கே இருக்கும்? தாலிச் சங்கிலியை அடகு வைப்பார்கள். மகளிர் குழுவில் தையல் மிஷின் வாங்குவதாகச் சொல்லி லோன் எடுப்பார்கள். அதுவும் இல்லை என்றால் பத்து வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். 60,000-க்கு வட்டி 6,000. வாடகையும் 6,000. வாடகை எவ்வளவாக இருந்தாலும், பத்து மாத அட்வான்ஸைப் பத்து வட்டிக்கு வாங்கினால் வட்டி இன்னொரு வாடகையாக வந்து நிற்கும். ஒரு வீட்டில் குடியிருந்துகொண்டு இரண்டு வீட்டு வாடகை கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சென்னையில் வாடகை ஏறிவிட்டது என்று பேப்பரில் எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது வாடகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் பத்திரமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மகள் கல்யாணத்துக்கோ மேலே ஒரு ஷீட் அறை போடவோ அது எப்போதோ போயிருக்கும். அதனால் காலி பண்ணுகிறவருக்கு அட்வான்ஸ் அடுத்து வருகிறவரின் பையிலிருந்துதான் வர வேண்டும். "ஆள் வரட்டும், வாங்கித் தர்றேன்" என்பார் வீட்டுக்காரர். வெளியே போகிறவரோ அந்தப் பணத்தை வைத்துத்தான் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அந்தப் புது வீட்டைக் காலி பண்ணுகிறவர் இவருக்காகக் காத்திருப்பார். மூன்று குடும்பம், மூன்று வீடு, ஒரே பணம்.

வெள்ளிக்கிழமை குடி போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அடகுக் கடை திறக்கவே பத்து மணி. அந்த அரை மணி நேரத்துக்குள் சங்கிலியை வைத்துப் பணம் வாங்கி, என் கையில் கொடுத்து, நான் வீட்டுக்காரர் முன்னால் எண்ணி, வெளியே போகிறவருக்குப் பிரித்துக் கொடுத்து, அவர் சாவியை வைக்க, இவர்கள் பால் பாத்திரத்தோடு உள்ளே நுழைய வேண்டும். தெருக் கோடியில் ஒரு குட்டியானை சாமானோடு நிற்கும். வாசலில் இன்னொன்று சாமான் ஏற்றிக்கொண்டு நிற்கும். டிரைவர் இரண்டு பேரும் வெயிட்டிங் காசு கேட்டுக் கத்துவார்கள். புதிதாக வருகிறவர் 60,000 கொடுக்கிறார். போகிறவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது 50,000. அதில் பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகை கழிப்பார்கள், கரண்ட் பாக்கி கழிப்பார்கள், உடைந்த ஸ்விட்ச் போர்டுக்குக் கழிப்பார்கள். 43,000 கைக்கு வந்தால் அதிர்ஷ்டம். வீட்டுக்காரர் தன் பையிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை, 17,000 மிச்சம். பெயின்ட் அடிப்பார் என்றா நினைக்கிறீர்கள்? "நீங்களே அடிச்சிக்கங்க, டப்பா வாங்கித் தர்றேன்" என்பார் புதிதாக வந்தவரிடம். பல தடவை வந்தவரே பெயிண்டர்.

இதில் நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே வீட்டுக்காரரைப் பேச வைத்து, எதற்கு எவ்வளவு கழிப்பார் என்று ஒரு பழைய டைரித் தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்தையும் வாங்கிவிடுவேன். அதற்கு ஸ்டாம்ப் இல்லை, சாட்சி இல்லை. ஆனாலும் காலி பண்ணுகிற அன்று அந்தத் தாளை நீட்டினால் பேச்சு கொஞ்சம் தணியும்.

யாருக்குக் கொடுப்பார்கள், யாருக்கு மாட்டார்கள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் சாதி கேட்பவர்கள் இப்போது குறைவு. ஆனால், "எந்த ஊர்ப் பக்கம்?", "குலதெய்வம் எது?", "கவுச்சி சமைப்பீங்களா?" என்று சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்பார்கள். எங்கள் பக்கம் அதைவிடச் சுருக்கமான வழி ஒன்று இருக்கிறது. "இப்ப எங்க குடியிருக்கீங்க?" வியாசர்பாடி, புளியந்தோப்பு, கண்ணகி நகர் என்று பதில் வந்துவிட்டால் போதும். "நேத்துதான் ஒருத்தங்க டோக்கன் குடுத்துட்டாங்க" என்று கதவு சாத்தும். பேங்கில் கேஷியராக இருந்த ஒரு பெண்ணுக்கே இது நடந்தது. வியாசர்பாடியில் பிறந்து படித்து வேலை வாங்கியவள். சம்பளச் சீட்டைக் காட்டினாள். அட்வான்ஸ் மொத்தமாகத் தருகிறேன் என்றாள். அந்தத் தெருவில் அவளுக்கு வீடு அமையவில்லை. மனிதர்களைப் பற்றி என்னிடம் ஆயிரம் கேட்கிற வீட்டுக்காரரிடம், நான் இப்போது வீடு பார்க்கப் போகும் முன்பே போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "யாருக்குக் குடுக்க மாட்டீங்க, இப்பவே சொல்லிடுங்க." வெட்கமில்லாமல் சொல்வார்கள். முஸ்லிம் வேண்டாம், தனியாக இருக்கிற பொம்பளை வேண்டாம், போலீஸ், வக்கீல் வேண்டாம், கைக்குழந்தை வேண்டாம். கேட்டு வைத்துக்கொண்டால், ஆட்டோவுக்குக் காசு செலவழித்து வந்து ஒரு குடும்பம் அவமானப்படுவதாவது தவிரும்.

வயதானவர்கள் விஷயம் தனி. "வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டால், அது அக்கறை என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் சாவு விழுந்துவிடுமோ என்பதுதான் கேள்வி. ஒரு தையல்காரரின் அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று வீட்டுக்காரர் கேட்டைப் பூட்டிவிட்டார். பதினோரு வருஷம் அந்த வீட்டில் இருந்த குடும்பம் அது. கடைசியில் தெரு முனையில், மூடிக் கிடந்த ஒரு மளிகைக் கடை வாசலில் ஷாமியானா போட்டு இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தார்கள். மறுவாரமே அவர் வீடு மாற்ற என்னிடம் வந்தார். புது வீட்டுக்காரரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி இல்லை, இதைப் பற்றித்தான்.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை, வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகு குடியிருப்பவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. போட்டோ, அடையாள அட்டை, முந்தைய முகவரி, வேலை செய்யும் இடம். சில மாதத்தில் உத்தரவை யாரும் கண்டுகொள்ளவில்லை, ஆனால் வீட்டுக்காரர்களுக்குப் பேப்பர் கேட்கும் பழக்கம் நிலைத்துவிட்டது. பிறகு ஆதார் வந்தது. "உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று என்னைக் கேட்ட ஆயாவின் பேரன் இன்று வாட்ஸ்அப்பில், "ஆதார் அனுப்புங்க, சேலரி ஸ்லிப் அனுப்புங்க" என்கிறான். சித்தாள் வேலைக்கு ஏது சேலரி ஸ்லிப்?

வேடிக்கை என்னவென்றால், பேப்பர் கேட்கிற அதே வீட்டுக்காரர் பேப்பர் கொடுக்க மாட்டார். அக்ரிமென்ட் போட்டால் கேஸ் போடுவார்களோ, வீட்டைச் சொந்தம் கொண்டாடுவார்களோ என்று பயம். அக்ரிமென்ட் இல்லாவிட்டால் புது முகவரிக்கு ரேஷன் கார்டு மாற்றுவது பெரும்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அரசு ரேஷன் கடை மூலம் 6,000 ரூபாய் கொடுத்தபோது இதை நன்றாகப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்ற வீடு ஓட்டேரியில், கார்டு இருப்பது திருவள்ளூர் பக்கம் மாமியார் வீட்டு முகவரியில். கரண்ட் கதையும் இதுதான். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டரில் குடியிருக்கிறவருக்கு முதல் யூனிட்டிலிருந்தே எட்டோ பத்தோ ரூபாய்.

2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போயிற்று. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. "மூணு மாசம்தான் சட்டமாம்" என்று ஒரு வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப சட்டத்துகிட்டயே வீடு கேக்கச் சொல்லு" என்றார். கேலியாகச் சொன்னாலும் நிலைமை அதுதான். ஒரு அறைக்குப் பத்துப் பேர் நிற்கும்போது யார் சட்டம் பேசுவது? 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. என் ஏரியாவில் அதை மதித்தவர்கள் இருந்தார்கள். உத்தரவே வராமல் இரண்டு மாதம் விட்டுக்கொடுத்தவர்களும் இருந்தார்கள், மறக்காமல் அட்வான்ஸில் கழித்தவர்களும் இருந்தார்கள்.

பத்துப் பேர் நிற்பதற்குக் காரணம் பல. அதில் ஒன்று வெளியே அதிகம் பேசப்படாதது. குடிசை மாற்று வாரியத்தின் பழைய குடியிருப்புகள் இடிந்து விழும் நிலைக்கு வந்ததும், இடித்துக் கட்டித் தருகிறோம் என்று காலி பண்ணச் சொல்கிறார்கள். கட்டி முடிக்கும்வரை வெளியே இருக்க ஒரு குடும்பத்துக்கு முன்பு 8,000 ரூபாய் கொடுத்தார்கள், இப்போது 24,000. மாதத்துக்கு இல்லை, மொத்தக் காலத்துக்கும் சேர்த்து. ஒன்றரை வருஷம் என்று சொல்வார்கள், அதற்குள் முடிந்தால் நல்லது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே மாதத்தில், பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் மாறக் கூடாது என்று, அதே அரை மைலுக்குள் வீடு தேடும். அந்த மாதம் வாடகை ஏறுகிற ஏற்றம், அவர்கள் திரும்பப் போன பிறகும் இறங்காது.

பெரும்பாக்கத்திலிருந்து திரும்பி வருகிறவர்களையும் நான்தான் பார்க்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து பல குடும்பங்களை அங்கே எட்டு மாடிக் கட்டடங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். ஓலைக் குடிசைக்குப் பதில் கழிப்பறையோடு கான்கிரீட் வீடு, குறை சொல்ல முடியாது. ஆனால் வேலை இங்கே இருக்கிறது. நாலு வீட்டில் வேலை செய்கிற பெண் விடிகாலை ஆறு மணிக்கு எழும்பூரில் இருக்க வேண்டும் என்றால் பெரும்பாக்கத்தில் எத்தனை மணிக்கு பஸ் ஏறுவாள்? கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அங்கே வீட்டைப் பூட்டிவிட்டோ தெரிந்தவரிடம் விட்டுவிட்டோ, இங்கே மாடிப்படிக்குக் கீழ் போர்ஷனுக்கு வருவார்கள். சர்க்கார் கணக்கில் அவர்கள் வீடு உள்ளவர்கள்.

கொஞ்சம் பணம் சேர்ந்தவர்கள் விழுகிற பள்ளம் லீஸ். மூன்று லட்சமோ நாலு லட்சமோ மொத்தமாகக் கொடுத்தால் வாடகையே இல்லை, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கும். ஒரு ஆட்டோ டிரைவர் ஊரில் நிலத்தை விற்று வந்த பணத்தை இப்படிக் கொடுத்தார். அவருக்கு வீடு காட்டியது நான் இல்லை, ஒரு கம்பெனி. பேரைச் சொல்லவில்லை, இன்று அந்த ஆபீஸும் இல்லை. கம்பெனி வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, இவரிடம் லீஸ் என்று மொத்தமாக வாங்கியிருக்கிறது. எட்டு மாதம் வாடகை கட்டிவிட்டு நிறுத்தியது. வீட்டுக்காரர் வந்து, "நீங்க யாரு?" என்று இவரைக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இன்னொரு வகை, வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கும், ஒருநாள் சுவரில் ஏல நோட்டீஸ் ஒட்டுவார்கள். லீஸ் என்று யார் வந்தாலும் நான் முதலில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். பதிவுத்துறை வெப்சைட்டிலேயே பார்க்கலாம். அடமானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். என் பேரன்தான் பார்த்துச் சொல்வான், ஒரு டீக்கு மேல் காசு வாங்க மாட்டான்.

வடக்கிலிருந்து வேலைக்கு வரும் பையன்களால் வாடகை ஏறிவிட்டது என்று எல்லோரும் அவர்களைத் திட்டுகிறார்கள். ஏற்றியது அவர்கள் இல்லை. குடும்பத்துக்கு 6,000 ரூபாய்க்கு விடுகிற அறையில் எட்டுப் பேரைப் போட்டுத் தலைக்கு 1,500 வாங்கினால் 12,000 வருகிறது என்று வீட்டுக்காரர் கண்டுகொண்டார். அந்தப் பையன்களுக்கு அட்வான்ஸ் கிடையாது, குலதெய்வம் கேட்பது கிடையாது, ஆதார்கூட மேஸ்திரியுடையது ஒன்று இருந்தால் போதும். காசு இரண்டு பங்கு வரும்போது எல்லாப் பயமும் போய்விடுகிறது.

மாநகராட்சிக் காப்பகத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான். அந்தக் காப்பகத்தை நடத்துகிறவர்களில் ஒரு பெண் எனக்குப் பழக்கம், அவள்தான் அழைத்து வந்தாள். வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். மூத்தவள் பெரியவளானதும் ரோட்டில் இருக்கப் பயந்து காப்பகத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர் சவுகார்பேட்டையில் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார், அவள் பூ கட்டி விற்கிறாள். வாக்காளர் அட்டை இருந்தது, ஆதார் இருந்தது. இரண்டிலும் முகவரி நடைபாதைதான். 5,000 ரூபாய்வரை வாடகை கொடுக்க முடியும். கையில் 11,000 இருந்தது.

வழக்கமான வீடுகளுக்கு அழைத்துப் போய்ப் பிரயோசனமில்லை என்று தெரியும். யாரும் எடுக்காத வீடு எது என்பது ஒரு புரோக்கருக்கு நினைவில் இருக்க வேண்டும். தெற்குப் பார்த்த வாசல், தெருக்குத்து, மழைக்குத் தண்ணீர் ஏறுகிற தரைத்தளம். அந்த மாதிரி வீடு காட்டும்போது புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் முழங்கால் உயரத்தில் கையை வைத்துப் பார்ப்பேன். ஈரம் கையில் ஒட்டினால் ஓதம், அந்த வீட்டைக் குழந்தை இருக்கிறவர்களுக்குக் காட்ட மாட்டேன். ஓட்டேரியில் ஒரு மாடி அறை காலியாகக் கிடந்தது. நல்ல அறை, ஷீட் இல்லை, ஆர்.சி.சி. கூரை, வெளியிலிருந்தே படி, தனிக் கக்கூஸ். முன்பு குடியிருந்த பையன் அங்கே தூக்கு மாட்டிக்கொண்டான். ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் வரவில்லை. வருகிறவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரர்களே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நான் மறைக்கவில்லை. படியில் ஏறும் முன்பே சொன்னேன். அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "ரோட்டுல பக்கத்துல படுத்திருந்தவங்க காலையில எழுந்திருக்காம கிடந்து எத்தனையோ பாத்துட்டோம்க்கா. கதவு உள்ளாற தாப்பா இருக்கா?" என்றாள். இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு. போட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்காரரிடம் பேசினேன். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்ததில் அவருக்கு நஷ்டம் எவ்வளவு என்று அவருக்கே கணக்குச் சொன்னேன். வாடகை 4,500, அட்வான்ஸ் மூன்று மாதம், அதில் 5,000 இப்போது, மீதி மாதாமாதம் 1,000. "இவங்க யாருன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். காப்பகத்துப் பெண் தன் பேரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். கமிஷன் பாதிதான் வாங்கினேன். சும்மா செய்தால் அடுத்த தடவை வரக் கூச்சப்படுவார்கள்.

ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக்காரரே போன் பண்ணினார். வாடகை தவறாமல் வந்திருக்கிறது. இரண்டு பெண்களும் வாசலில் கோலம் போடுகிறார்கள், கீழ்வீட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டார்கள். வீட்டைப் பற்றி இருந்த பயம் தெருவிலேயே போய்விட்டது. "இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சேம்மா. 6,500-க்கு, பத்து மாச அட்வான்ஸுக்கு ஒரு நல்ல குடும்பமாப் பாரேன்" என்றார்.

அன்று மாலையே போனேன். அந்த வீட்டைக் குடியிருக்கிற வீடாக்கியது யார் என்று அவரையே கேட்டேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லவதாங்க" என்றாள். வாடகை 5,000, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்று பேச்சு முடிந்தது. ஏற்கெனவே 13,500 இருந்தது, இன்னும் 11,500 வேண்டும். பொங்கல் பூ வியாபாரத்தில் பாதி, சித்திரையில் பாதி என்று அவள் கேட்டாள். வீட்டுக்காரர் சரி என்றார். டைரித் தாளில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.